சின்னம் தரும் சின்ன மியூசியம்

காஞ்சீபுரத்தை ஒட்டியிருக்கும் ஓரிக்கைக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரின் கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை. அரசன் கோபங்கொண்டு கணிகண்ணனை ஊரை விட்டுப் போகச் சொன்னானாம். சீடன் புறப்பட்டதும் குருவான திருமழிசையாழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பெருமாளே பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார்! காஞ்சி இருண்டு போயிற்று. அரசன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். மூவரும் மறுநாள் திரும்பினார்கள். அவர்கள் ஓர் இரவு தங்கியிருந்த இடம் 'ஓர் இரவு இருக்கை' ஆகி, நாளடைவில் 'ஓரிக்கை' என்றாயிற்று.

ஒரே ஓர் இரவுதான். அதை ஊர் இன்றுவரை மறக்கவில்லை பாருங்கள்!

இந்தக் கதையை நமக்குச் சொன்னவர் ஒரு முதிய நெசவாளர். அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உள்ளே குழித்தறியில் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை பாதி நெய்தபடி இருந்தது. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அவர் பேத்தி வந்தாள். பன்னிரண்டு வயதிருக்கும். கழுத்தில் சாரணியர் ஸ்கார்ப். பையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாய் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"தாத்தா, கோர்வைன்னா என்ன தாத்தா?"

கிழவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். "தறிக்குப் பக்கத்திலேயே பொறந்து வளர்ந்த பொண்ணு கேக்கற கேள்வியைப் பாருங்க சார்!"

"எங்க கைடு டீச்சர் கேட்டு எழுதிக்கிட்டு வரச் சொன்னாங்க. அப்பத்தான் கையெழுத்துப் போடுவாங்களாம்."

சிரிப்பு நின்றது. பெரியவர் சற்று யோசித்துவிட்டு விளக்க ஆரம்பித்தார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு மூன்று நாடாக்கள். ஒரு பக்கத்து நாடா நெசவாளருக்கு எட்டாது. ஆகவே தறியின் அந்தக் கோடியில் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும்.

"எனக்கு எட்டு வயசில அங்கே உட்கார வச்சாங்க கண்ணு. பள்ளிக்கூடமெல்லாம் அதோட போச்சு" என்றார்.

அவள் எழுதுவதை நிறுத்தித் தாத்தாவைப் பார்த்தாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு துணிச் சின்னத்துக்காகத்தான் அவள் இதைக் கேட்டாள். கேட்டதால் தெரிந்தது.

இப்படிச் சிறுமிகளைக் கேள்வி கேட்க வைத்து, அதற்காகவே சின்னமும் பெற வழி செய்து தரும் சில மியூசியங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அவை யூதர்களின் மரபுப் பொருட்காட்சிச் சாலைகள். 'அமெரிக்க யூதருக்கும் ஓரிக்கைக்கும் என்ன உறவு?' என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உறவு நம் பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது.

பெண்களும் வந்து நின்றார்கள்

சாரணர் இயக்கத்தைப் பேடன் பவல் பிரபு முதலில் ஆண் பிள்ளைகளுக்கென்றே தொடங்கினார். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் சாரணர்கள் கூடியபோது, அழைக்காமலே ஒரு சிறுமிகள் கூட்டம் வந்து நின்றது. "நாங்களும் சாரணர்தான்" என்றார்கள்! அடுத்த ஆண்டே பெண்களுக்குத் தனி இயக்கம் ஏற்பட்டது. 1911-ல் அது இந்தியாவுக்கு வந்து ஜபல்பூரில் முதல் அணி உருவாயிற்று. அந்த நாளில் இந்தியப் பிள்ளைகளைச் சாரணரில் சேர்த்துக்கொள்ளத் தயங்கியதால், 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனி இயக்கமே கண்டார். சுதந்திரத்துக்குப் பின், 1950 நவம்பர் 7-ந் தேதி பல கிளைகள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15-ந் தேதி சாரணியரும் அதில் இணைந்தார்கள்.

அமெரிக்காவில் இதைத் தொடங்கியவர் ஜூலியட் கார்டன் லோ என்ற சீமாட்டி. ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில், 1912 மார்ச் 12-ந் தேதி, 18 சிறுமிகளுடன் ஆரம்பித்தார். சவானாவில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே 1733-லிருந்து யூதர்கள் வாழ்கிறார்கள். 'மிக்வே இஸ்ரேல்' என்ற அவர்களுடைய சபைக்கு வயது முந்நூறை நெருங்குகிறது. அவர்களது ஆலயத்தில் ஒரு மியூசியமும் இருக்கிறது. அந்த நகரில் ஆரம்ப நாளில் சாரணியர் குழுக்களை நடத்திய மாதர்களில் யூதப் பெண்களும் இருந்தார்கள். ஆகவே யூதருக்கும் சாரணியருக்கும் உள்ள தொடர்பு முதல் நாளிலிருந்தே வருவது.

பார்த்தால் போதாது

யூதச் சிறுமிகளுக்கென்று நான்கு படிகளில் சமயச் சின்னங்கள் உண்டு. அவற்றின் பெயர்களே அழகானவை. முதலாவது 'லெஹாவா', அதாவது சுடர். இரண்டாவது 'பாத் ஓர்', ஒளியின் மகள். மூன்றாவது 'மெனோரா', விளக்கு. நான்காவது 'ஓர் எமுனா', நம்பிக்கையின் ஒளி. சுடரில் தொடங்கி நம்பிக்கையில் முடிகிற படிகள்.

அந்தப் படிகள் யூத வீட்டுப் பெண்களுக்கு. மியூசியம் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கோ எந்த மதத்துச் சாரணியும் வரலாம். குழுவாக வருகிறார்கள். அகதியாய்க் கப்பலேறி வந்த பாட்டி ஒருத்தியின் பெட்டி, திருமண ஒப்பந்தப் பத்திரம், வெள்ளிக்கிழமை மாலையில் ஏற்றும் விளக்குத் தண்டு ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பார்த்தால் போதாது, ஓய்வுநாள் ரொட்டியைச் சடைபோல் பின்னிப் பழக வேண்டும், வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி காண வேண்டும், குடும்ப வம்சாவளியை எழுதிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தலைவி கையெழுத்திடுவாள்.

இது வெறும் விளையாட்டா? இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் பதினைந்து லட்சம் பேர் குழந்தைகள். அடுத்த வீட்டுக்காரன் யார், அவன் ஏன் வேறு விதமாய் விளக்கேற்றுகிறான் என்று தெரியாமலிருந்தால், அவனைப் பற்றி எவன் எதைச் சொன்னாலும் ஊர் நம்பிவிடும். பத்து வயதில் அந்த வீட்டு ரொட்டியைத் தன் கையால் பின்னிய பெண்ணிடம் அந்தப் பொய் எளிதில் செல்லாது.

கல்லில் ஒரு சாரா

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்ற முறை கேரளம் போயிருந்தபோது, எர்ணாகுளத்துக்கு வடக்கே பரவூரையும் அதை அடுத்துள்ள சேந்தமங்கலத்தையும் பார்த்துவந்தோம். சேந்தமங்கலம் ஓரிக்கையைப் போலவே தறிச் சத்தம் கேட்கும் ஊர். இங்கே பட்டு, அங்கே பருத்தி. கோயில் சங்கும், மசூதி வாங்கும், மாதாகோயில் மணியும், யூதர்களின் கொம்பு ஒலியும் ஒரே இடத்திலிருந்து கேட்ட ஊர் என்று அதைச் சொல்வார்கள்.

யூத ஆலயம் இன்று மியூசியமாக இருக்கிறது. பழுது பார்க்கப்பட்டு, 2006-ல் அங்கே கண்காட்சி திறக்கப்பட்டது. முசிறி மரபுத் திட்டத்தில் பரவூர் ஆலயமும் இப்படியே மியூசியமாயிற்று. சேந்தமங்கலம் ஆலயத்துக்கு முன்னால் ஒரு கல் நிற்கிறது. அதில் ஹீப்ரு எழுத்துக்கள். 'சாரா பாத் இஸ்ரேல்', அதாவது இஸ்ரேலின் மகள் சாரா. காலம் 1269-ம் ஆண்டு. இந்தியாவில் கிடைத்த ஹீப்ரு கல்வெட்டுக்களில் இதுவே மிகப் பழையது. அரசன் பெயரோ தளபதி பெயரோ அந்தக் கல்லில் இல்லை. ஒரு தகப்பன் பெற்ற பெண்ணின் பெயர்தான் எழுநூறு வருஷ மழையைத் தாங்கி நிற்கிறது!

இந்த ஆலயங்கள் ஏன் மியூசியம் ஆயின? வழிபடுவதற்கு ஆள் இல்லை. கேரள யூதர்கள் மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். இஸ்ரேல் நாடு உருவான பின், 1950-களில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். உள்ளூர்க்காரர் யாரும் அவர்களை விரட்டவில்லை. 1662-ல் மட்டாஞ்சேரி ஆலயத்தைச் சேதப்படுத்தியவர்கள் போர்ச்சுகீசியர்கள். முன்னோர் பிரார்த்தனையில் சொல்லிவந்த பூமிக்குப் போக வேண்டும் என்ற ஆசையே அவர்களைக் கிளப்பியது. பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். காஞ்சிப் பெருமாளைப் போல மறுநாள் திரும்பவில்லை.

ஊசியுடன் ஒரு சாரா

மட்டாஞ்சேரியில் மட்டும் 1568-ல் கட்டிய பரதேசி ஆலயம் இன்னும் ஆலயமாகவே இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரை முழுதும் சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். கையால் தீட்டியவை, ஒன்றைப்போல் ஒன்று இராது என்பார்கள். 1760-ல் எழுப்பிய மணிக்கூண்டில் ரோமானிய எண்கள் ஒரு முகத்தில், ஹீப்ரு எண்கள் ஒரு முகத்தில், மலையாள எண்கள் ஒரு முகத்தில். 1968-ல் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலையும் வெளியாயிற்று.

அந்தத் தெருவில் பல வருஷ காலம் ஒரு மூதாட்டி ஊசியும் நூலுமாய் உட்கார்ந்திருந்தார். பெயர் சாரா கோஹன். ஆண்கள் தலையில் அணியும் சிறு குல்லாய்க்கும், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிக்கும் பூவேலை செய்வார். 2019-ல், தமது 96-வது வயதில் காலமானார். முதுமையில் அவருக்குத் துணையாயிருந்து கடையைக் கவனித்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம் அன்பர். சாரா மறைந்த பின்னும் அந்தக் கடையை அவர் ஞாபகமாகவே கட்டிக் காத்துவருகிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1269-ல் ஒரு சாரா, 2019-ல் ஒரு சாரா. நடுவே 750 ஆண்டுகள். முதல் சாராவின் கல்லைப் பாதுகாப்பது கேரள அரசாங்கம். இரண்டாவது சாராவின் ஊசிப்பெட்டியைப் பாதுகாப்பது ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. போனவர்களின் ஞாபகம் பக்கத்து வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தில் பாட்டு

கேரள யூதப் பெண்களிடம் இன்னொரு செல்வம் இருந்தது. கல்யாணத்திலும் பண்டிகையிலும் அவர்கள் மலையாளத்தில் பாட்டுப் பாடுவார்கள். வேதகாலக் கதையும் வரும், ஆலயம் கட்டிய கதையும் வரும், மணப்பெண்ணைக் கொண்டாடும் வரிகளும் வரும். இவற்றையெல்லாம் அச்சுப் போட்டு வைத்தவர் யாருமில்லை. வீட்டுப் பெண்களே நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கும், அத்தையிடமிருந்து மருமகளுக்கும் கொடுத்துவந்தார்கள். கப்பலேறியபோது அந்த நோட்டுக்களும் பெட்டியில் போயின.

மட்டாஞ்சேரியில் 1912-ல் பிறந்த ரூபி டேனியல் என்ற அம்மையார், யுத்த காலத்தில் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணி புரிந்தவர். 1951-ல் இஸ்ரேல் சென்றார். பாட்டுக்களின் பொருள் இளையவர்களுக்குப் புரியாமல் போவதைக் கண்டு, முதுமையில் உட்கார்ந்து அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பார்பரா ஜான்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து எழுதிய அவருடைய நினைவுகள் 1995-ல் புத்தகமாயின. பின்னர் ஸ்காரியா ஸக்கரியா என்ற கேரளப் பேராசிரியரின் முயற்சியில் பாட்டுக்கள் மலையாளத்திலும் ஹீப்ருவிலும் 2005-ல் அச்சேறின.

பெண்கள் எழுதி வைத்திராவிட்டால்? ரூபி அம்மையார் பெயர்த்திராவிட்டால்? வெற்றுச் சுவர்களையும் விளக்குக் கூண்டுகளையும் பார்த்துவிட்டு நாம் திரும்பியிருப்போம். சுவரை அரசாங்கம் பழுது பார்க்கலாம். ஒரு கிழவியின் தொண்டையிலிருந்த பாட்டைப் பழுது பார்க்க எந்த இலாகாவாலும் ஆகாது.

செப்பேட்டில் நம் சொற்கள்

இதையெல்லாம் ஓரிக்கைத் திண்ணையில் சொல்லிக்கொண்டு வந்தோம். பேத்தி கன்னத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டாள். பெரியவரை நிமிர்ந்து உட்கார வைத்தது செப்பேட்டுக் கதை.

மட்டாஞ்சேரி ஆலயத்தில் பத்திரமாய் வைத்திருக்கும் செப்பேடுகள் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்தவை. காலம் சுமார் கி.பி. 1000. யூதர் தலைவன் ஜோசப் ரப்பானுக்கு 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகர் குழுவின் தலைமையையும் 72 உரிமைகளையும் அளித்த சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து. அந்த உரிமைகளில் சில: பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம். 2017-ல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்த பரிசுகளில் இந்தச் செப்பேட்டின் நகலும் ஒன்று.

"பகல் விளக்கும் குடையும் நம்ம வரதர் புறப்பாட்டில வர்றதாச்சே சார்! நடைபாவாடை விரிக்கிறதும் உண்டே!" என்றார் பெரியவர்.

"இன்னும் கேளுங்கள். கொச்சி ராஜா யூதர்களின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? முதலியார்!"

"யூதர்ல முதலியாரா!" என்று கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். பேத்தியும் சிரித்தாள்.

சென்னையிலும் யூதர்கள் இருந்தார்கள். பவள வியாபாரமும் வைர வியாபாரமும் அவர்கள் தொழில். பவளக்காரத் தெரு என்ற பெயர் அந்த வியாபாரத்தின் மிச்சம். 1688-ல் சென்னை நகரசபை ஏற்பட்டபோது பன்னிரண்டு ஆல்டர்மென்களில் மூவர் யூத வியாபாரிகள். இன்று அந்தத் தெருவில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் வீட்டுத் தறி

ஓரிக்கைக்கு இதில் என்ன பாடம் என்று நமக்குள் கேட்டுக்கொண்டோம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. உலகமெங்கும் பெயர். ஆனால் கோர்வைத் தறியின் அந்தக் கோடியில் இன்று யார் உட்காருவது? எட்டு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து உட்கார வைத்த காலம் திரும்ப வேண்டாம். அது ஒழிந்தது நல்லதே. பேத்தி படிக்கிறாள், படிக்கட்டும். அவள் படித்து உத்தியோகத்துக்குப் போகும்போது, தாத்தாவின் விரல்களுக்குத் தெரிந்தது எங்கே போகும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் காஞ்சீபுரத்து நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாய் வந்து பார்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் ஓரிக்கைப் பெண் தறியைப் பார்க்க முட்டுக்காடு வரையில் போகும் காலம் வந்துவிடக் கூடாது அல்லவா? அவளுடைய மியூசியம் கூடத்திலேயே இருக்கிறது. அதன் காப்பாளர் வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்க ஆள்தான் வேண்டும்.

சேந்தமங்கலத்தில் இப்படி ஒரு பொறுப்பை ஊர் மக்கள் எடுத்துக்கொண்டதைக் கண்டோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அவ்வூர்த் தறிகளும் நெய்து வைத்திருந்த துணிகளும் சேற்றில் மூழ்கின. விற்க முடியாத அந்தத் துணியை வெளுத்துக் காயவைத்து, துண்டு போட்டு, சிறு பொம்மைகள் செய்தார்கள். பெயர் 'சேக்குட்டி'. சேற்றிலிருந்து வந்த குழந்தை! பல ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் கூடி உட்கார்ந்து பொம்மை கட்டினார்கள். ஒரு பொம்மை 25 ரூபாய். ஒரு புடவையில் 360 பொம்மைகள் வரை வந்தன. பணம் நெசவாளருக்குப் போயிற்று. பொம்மை கட்டியவர்களுக்கோ ஒரு தறியின் கஷ்டம் என்னவென்று விரல் வழியாகப் புரிந்தது.

நம் சாரணியர் குழுத் தலைவிகளுக்கு ஒரு விண்ணப்பம். பெண்களை மியூசியத்துக்கு அழைத்துப் போங்கள். முடிந்தால் சேந்தமங்கலத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் ஒரு முறை பிரயாணம் வையுங்கள். தன் வீட்டைச் சேராத ஒரு சாராவின் கல்லுக்கு முன்னால் நம் பெண்கள் ஒரு நிமிஷம் நிற்கட்டும். திரும்பி வந்ததும் தம் வீட்டுப் பெரியவர் முன்னால் நோட்டும் பென்சிலுமாய் உட்காரட்டும். இரண்டையும் செய்த பெண்ணுக்குச் சின்னம் கொடுங்கள். அது அவள் உழைத்து வாங்கிய சின்னமாயிருக்கும்.

நாம் விடைபெற எழுந்தோம். பொழுது சாய்ந்திருந்தது. பேத்தி ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சார், அந்தப் பாட்டெல்லாம் நோட்டில எழுதி வச்சது யாரு? டீச்சருங்களா?"

"இல்லை அம்மா. வீட்டிலிருந்த பெண்கள்தான். பாட்டி, அம்மா, உன்னைப் போலப் பெண்கள்."

அவள் ஒரு நிமிஷம் பேசாமலிருந்தாள். பிறகு நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி, தாத்தாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, கோர்வை எழுதிட்டேன். முந்தானையை எப்படிச் சேக்கறதுன்னு சொல்லு. மெதுவாச் சொல்லணும்."

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.